பில்கிரிம் அணு உலை தண்ணிய கடல்ல விடறதுக்கு எதிரா நான் கையெழுத்து போடலாமா?

கேள்வி: மேடம் வணக்கம். எனக்கு சொந்த ஊர் மணவாளக்குறிச்சி பக்கம், அப்பா இன்னைக்கும் கடலுக்கு போறவர். இப்போ நாங்க மாசசூசெட்ஸ்ல பிளிமத் ஊர்ல இருக்கோம், வீட்டுக்காரருக்கு எச்1பி விசா. இங்க மூடிக்கிடக்கற பில்கிரிம் அணு உலைக்குள்ள இருக்கற தண்ணிய கேப் காட் வளைகுடாவுல விடணும்னு அந்த கம்பெனி சொல்லுது, ஊர்ல பாதிப்பேருக்கு மேல எதிர்க்கறாங்க. பக்கத்து வீட்டுக்காரர் ஆய்ஸ்டர் வளர்க்கறவர், மனு ஒண்ணு கொண்டு வந்து கையெழுத்து கேட்டார். கல்பாக்கத்துல வேலை பார்க்கற என் அண்ணன் ஃபோன்ல சிரிக்கறான், எல்லா உலையும் தண்ணி விடத்தான் செய்யும், படிச்ச நீயே பயந்தா எப்படின்னு. எனக்கு ரெண்டு பேர் சொல்றதும் சரியா படுது. பசங்க இந்த கடல்லதான் குளிக்கறாங்க. வாட்ஸ்அப்ல வந்ததை பார்த்து அயோடின் மாத்திரையும் கதிர்வீச்சு அளக்கற ஒரு சின்ன கைகர் கவுண்டரும் வாங்கி வெச்சிட்டேன். நாங்க பயப்படணுமா, கையெழுத்து போடலாமா, விசாவுல இருக்கறவங்க மீட்டிங்ல பேசலாமா?

பதில்: வணக்கம்மா. நீங்க மூணு கேள்வி கேட்டிருந்தாலும் அடியில ஓடறது ஒரே குழப்பம்தான்னு எனக்கு தோணுது. ஆபத்து பெருசா இல்லேன்னா எதிர்க்கறதுக்கு நமக்கு நியாயம் இருக்கா, எதிர்க்கணும்னா ஆபத்து பெருசுன்னு நம்பியே ஆகணுமா, இதுதான் உங்களை போட்டு குடையுது. கதிர்வீச்சு பாதுகாப்பு வேலையிலயே இத்தனை வருஷம் ஓட்டினவளா சொல்றேன், அது ரெண்டும் தனித்தனி கேள்வி. ஒண்ணு அளந்து பார்த்து சொல்ற விஷயம். இன்னொண்ணு யாரோட கடல், யாரை கேட்டு விடறீங்கங்கற விஷயம். உங்க அண்ணன் முதல் கேள்விக்கு பதில் சொல்லிட்டு ரெண்டாவதுக்கும் சேர்த்து சொல்லிட்டதா நினைக்கறார், உங்க ஊர்ல சிலபேர் ரெண்டாவது கேள்விக்காக முதல் கேள்வியோட பதிலை ஊதி பெருசாக்கறாங்க. நீங்க ரெண்டையும் பிரிச்சு வெச்சுக்கங்க, பாதி பாரம் இறங்கிடும்.

தண்ணி என்ன தண்ணின்னு முதல்ல பார்ப்போம். பில்கிரிம் 1972-ல ஓட ஆரம்பிச்சு 2019 மே 31-ம் தேதி மூடின உலை. அந்த வருஷமே ஹோல்டெக் கம்பெனி அதை வாங்கிடுச்சு, பிரிச்சு எடுத்து இடத்தை சுத்தம் பண்ணி கொடுக்கறதுதான் அவங்க வேலை. எரிஞ்சு முடிஞ்ச எரிபொருளை முக்கி வெச்சிருந்த தொட்டி, உலைக்கலன், அதோட சேர்ந்த குழிகள் எல்லாத்துலயும் சேர்த்து ஆரம்பத்துல சுமார் 11 லட்சம் கேலன் தண்ணி இருந்துச்சு, நம்ம கணக்குல 41 லட்சம் லிட்டருக்கு மேல. கேட்க பெருசா இருக்கும், ஆனா ரெண்டு ஒலிம்பிக் நீச்சல் குளத்தைக்கூட அது நிரப்பாது. 2021 கடைசியில, இதை கடல்ல விடறதும் ஒரு வழின்னு கம்பெனி சொன்னப்போதான் ஊர் கொதிச்சது. அதுக்கப்புறம் கட்டடத்துக்குள்ளயே சூடாகி ஆவியா போனதுல 2 லட்சம் கேலனுக்கு மேல குறைஞ்சிடுச்சு, அதுவும் ஒரு தனி சண்டை, பின்னாடி வர்றேன்.

இந்த தண்ணியில இருக்கறது முக்கியமா ட்ரிட்டியம், கோபால்ட்-60, சீசியம்-137ங்கற கதிரியக்கப் பொருளுங்க. மாங்கனீஸ்-54, துத்தநாகம்-65 மாதிரி சின்ன ஆயுசு ஆளுங்களும் உண்டு, ஆனா துத்தநாகம்-65 சுமார் 8 மாசத்துக்கு ஒருதரம் பாதியா குறையும், மாங்கனீஸ் 10 மாசத்துக்கு ஒருதரம், உலை நின்னதுலருந்து இன்னை வரைக்கும் கணக்கு போட்டா அதுங்க பெரும்பாலும் கரைஞ்சே போயிருக்கும். கோபால்ட் பாதியாக 5 வருஷத்துக்கு கொஞ்சம் மேல, ட்ரிட்டியத்துக்கு 12 வருஷம், சீசியத்துக்கு 30. கோபால்ட், சீசியம் எல்லாம் ஃபில்டர்ல பெருமளவு பிடிபடும். ட்ரிட்டியம் மட்டும் பிடிபடாது, ஏன்னா அது தண்ணிக்குள்ள கலந்திருக்கற பொருள் இல்ல, அந்த தண்ணி மூலக்கூறுலயே ஒரு ஹைட்ரஜனா உட்கார்ந்திருக்கு. ஃபில்டருக்கு அதுவும் தண்ணிதான்.

இனி டோஸ், அதாவது உடம்பு வாங்கிக்கற கதிர்வீச்சோட அளவு, அதை மில்லிரெம்ங்கற அலகுல சொல்வாங்க. ஒரு உலையிலருந்து வர்ற திரவக் கழிவால கரையில இருக்கறவங்களுக்கு வருஷத்துக்கு 3 மில்லிரெமுக்கு மேல போகாம வடிவமைக்கணும்னு அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது என்.ஆர்.சி., வெச்சிருக்கற அளவு. அமெரிக்காவுல ஒருத்தருக்கு இயற்கையா மண்ணு, காத்து, வானத்துலருந்து கிடைக்கறதே வருஷத்துக்கு சராசரி 310 மில்லிரெம். பாஸ்டன்லருந்து சென்னை போயிட்டு திரும்பினாலே 10 மில்லிரெமுக்கு மேல வாங்கிடுவீங்க. உங்க ஊரை எடுத்துக்கங்க, மணவாளக்குறிச்சி கடற்கரை கருப்பு மணல்ல மோனசைட் இருக்கு, அதுக்குள்ள தோரியம் இருக்கு, அந்த மணலை எடுக்கத்தானே அங்க மத்திய அரசு ஆலையே இருக்கு. உலக சராசரியைவிட பல மடங்கு இயற்கைக் கதிர்வீச்சு உள்ள கரை அது, நீங்க அதுல வீடு கட்டி விளையாடி வளர்ந்தவங்க. ஹோல்டெக் சொன்ன மாதிரி கொஞ்சம் கொஞ்சமா, ஒரு தடவைக்கு சுமார் 20,000 கேலன்னு, சுத்தம் பண்ணி அளந்து விட்டாங்கன்னா பிளிமத் கடல்ல குளிக்கற உங்க பசங்களுக்கு அதனால வர்ற டோஸ், பின்னணியில இருக்கற டோஸோட ஏத்த இறக்கத்துல காணாமப் போற அளவுதான். இதை நான் சுத்தி வளைக்காம சொல்றேன், ஏன்னா ராத்திரி தூங்காம கிடக்கற ஒரு அம்மாவுக்கு முதல்ல வேண்டியது இந்த பதில்தான். இன்னைக்கு அந்த தண்ணிய விடவும் இல்ல. தைரியமா குளிக்க விடுங்க.

இதுவரைக்கும் உங்க அண்ணன் பக்கம். இனி அவர் தவற விட்டது.

"எல்லா உலையும் விடுது, இதே உலை 47 வருஷமா விட்டுச்சு"ங்கறது உண்மை. ஆனா உலை ஓடினப்போ கூலிங்க்காக தினமும் கோடிக்கணக்கான கேலன் கடல் தண்ணிய உள்ள இழுத்து வெளிய தள்ளற பம்பு ஓடிட்டிருந்துச்சு, கழிவு அந்த பெருவெள்ளத்தோட கலந்து வெளியேறும். இப்போ உலையே நின்னாச்சு, அந்த பம்பும் அந்த வெள்ளமும் இல்ல. கல்பாக்கத்துல வேலை பார்க்கறவருக்கு இந்த வித்தியாசம் ஒரு வரியில புரியும், கேட்டு பாருங்க.

அடுத்தது வளைகுடாவோட வடிவம். கேப் காட் வளைகுடா ஒரு வளைஞ்ச கைக்குள்ள அடங்கின தண்ணி, நம்ம குமரி கடல் மாதிரி திறந்து கிடக்கறது இல்ல. பக்கத்துல உட்ஸ் ஹோல்ல இருக்கற கடல் ஆய்வு நிறுவனத்துக்காரங்க, பில்கிரிம்லருந்து விட்டா தண்ணி எங்க போகும்னு கணக்கு போட்டு பார்த்திருக்காங்க. இலையுதிர் காலத்துலயும் குளிர்காலத்துலயும் அது வளைகுடாவை விட்டு வெளிய போறதே கிட்டத்தட்ட இல்ல, வசந்தத்துலயும் கோடையிலயும் கொஞ்சம் போக வாய்ப்பு உண்டு, அதுவும் கம்மிதான்னு வந்துச்சு. "கடல் பெருசு, கலந்து போயிடும்"னு சொல்றவங்க இந்த கடல் எவ்வளவு மெதுவா மூச்சு விடுதுன்னு பார்க்கறதில்ல. இதே வளைகுடாவுக்குத்தான் குளிர்கால கடைசியில வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலங்க இரை தேடி வருது, உலகத்துலயே அது 400 கூட மிச்சம் இல்லாத இனம்.

மூணாவது, உங்க பக்கத்து வீட்டுக்காரரோட ஆய்ஸ்டர். சிப்பி இனம் தண்ணிய வடிகட்டி சாப்பிடற ஜீவன், வளர்ந்த ஆய்ஸ்டர் ஒண்ணே நாள் முழுக்க லிட்டர் கணக்குல வடிகட்டும். ட்ரிட்டியம் பெருசா அதுல சேராது, தண்ணியா வந்து தண்ணியா போயிடும். கோபால்ட், துத்தநாகம் மாதிரி உலோகம் அப்படி இல்ல, சுத்தி இருக்கற தண்ணியைவிட பல மடங்கு சதைக்குள்ள சேர்த்து வெச்சுக்கும், ஆய்ஸ்டரோட சுபாவமே அது. அதனால கம்பெனிக்காரங்க "ட்ரிட்டியம் அளவு இவ்வளவுதான்"னு காட்டினா அது பாதி பதில். ஃபில்டர் தாண்டி எவ்வளவு கோபால்ட் வருது, எந்த அளவுக்கு கீழ போனா அவங்க மெஷினுக்கு கண்ணு தெரியாது, இதை கேளுங்க. கூட்டத்துல யாராவது இந்த ஒரு கேள்விய கேட்டாலே பேச்சோட தரம் மாறிடும்.

அப்புறம் சந்தை. இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்ல, மீன் நல்லா இருந்தும் ஒரு வதந்தியால ஏலம் படுத்தா கரையில என்ன ஆகும்னு உங்க அப்பாவை கேட்டா தெரியும். 2023 ஆகஸ்ட் 24-ம் தேதி ஜப்பான்ல ஃபுகுஷிமா உலையோட சுத்திகரிச்ச தண்ணிய பசிஃபிக்ல விட ஆரம்பிச்சாங்க. சர்வதேச அணுசக்தி முகமை ஒத்துக்கிட்டிருந்துச்சு, லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்கு (கதிரியக்கத்தை அளக்கற அலகு) கீழ ட்ரிட்டியத்தை நீர்த்துப் போகவெச்சு விடறோம்னாங்க, அது உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணிக்கு சொல்ற 10,000-த்தைவிட ரொம்ப கம்மி. அன்னைக்கே சீனா ஜப்பானோட கடல் உணவு மொத்தத்துக்கும் தடை போட்டுச்சு. அடி வாங்கினது யாருன்னா, ஃபுகுஷிமாவுலருந்து எவ்வளவோ வடக்க ஹொக்கைடோவுல ஸ்காலப் சிப்பி வளர்க்கறவங்க, சீனாதான் அவங்களுக்கு பெரிய வாடிக்கை. கதிர்வீச்சால ஒரு சிப்பி கெட்டதா யாரும் சொல்லல, ஆனா பிழைப்பு கெட்டுச்சு. அந்த மீனவங்களுக்கு 2015-லயே எழுத்துல வாக்கு கொடுத்திருந்தாங்க, சம்பந்தப்பட்டவங்க புரிஞ்சு ஏத்துக்காம தண்ணிய எதுவும் செய்ய மாட்டோம்னு. மீனவர் சங்கம் கடைசி நாள் வரைக்கும் எதிர்த்துட்டுத்தான் இருந்துச்சு, தண்ணி போயிடுச்சு. இதை படிக்கறப்போ எல்லாம் எனக்கு வருத்தமா இருக்கும், ஏன்னா என் துறைக்காரங்க அந்த மீனவங்களை விஞ்ஞானம் தெரியாதவங்கன்னு பேசினதை காதால கேட்டிருக்கேன். அவங்க கேட்டது விஞ்ஞானம் இல்லையே, கொடுத்த வாக்கைத்தானே கேட்டாங்க.

டக்ஸ்பரி, கிங்ஸ்டன், பிளிமத் பக்கம் ஆய்ஸ்டர் பண்ணை வெச்சிருக்கறவங்களோட பயமும் இதேதான். பாஸ்டன்ல ஒரு ரெஸ்டாரண்ட் மெனுவுல ஊர் பேர் போட்டு விக்கற சரக்கு அது. அந்த பேருக்கு பக்கத்துல அணு உலைங்கற வார்த்தை ஒருதரம் ஒட்டிக்கிச்சுன்னா எந்த லேப் ரிப்போர்ட்டாலயும் அதை சுரண்டி எடுக்க முடியாது. நஷ்டம் முழுக்க அவங்களுக்கு, மிச்சம் முழுக்க கம்பெனிக்கு. உலையை பிரிக்கறதுக்குன்னு இருக்கற டிரஸ்ட் ஃபண்டு நூறு கோடி டாலர் அளவுல கம்பெனி கைக்கு வந்துச்சு, அது மின்சார பில் கட்டின ஜனங்களோட காசு. செலவு கம்மியான வழியைத்தான் எந்த கம்பெனியும் முதல்ல பார்க்கும், கடல்ல விடறதுதான் அதுல சுலபம். ஒரு வீட்டை இடிக்கறவர் தன் செப்டிக் டேங்க் தண்ணிய நல்லா வடிகட்டி உங்க கிணத்துல விடறேன், குடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு ரிப்போர்ட்டோட வந்து நின்னா, ரிப்போர்ட் சரியாவே இருந்தாலும் நீங்க வேண்டாம்னு சொல்லலாம் இல்லையா.

வேற வழியே இல்லையான்னு கேட்டா, இருக்கு, ஆனா எதுவும் சும்மா வராது. வெர்மான்ட் யாங்கி உலையை மூடினப்போ தண்ணிய ஆத்துல விடாம ஏத்தி வெளி மாநிலத்துக்கு அனுப்பினாங்க. பில்கிரிம்லயும் அப்படி அனுப்பலாம், செலவு, வழியில ரிஸ்க், போய் சேர்ற ஊர்ல இருக்கறவங்களும் மனுஷங்கதான்கறது ஒரு கேள்வி. ஆவியாக்கினா கோபால்ட், சீசியம் அடியில தங்கும் ஆனா ட்ரிட்டியம் ஆவியோட காத்துல போகும், அதனாலதான் ஆவியாகறதுக்கும் ஊர்ல எதிர்ப்பு. அங்கயே தொட்டியில வெச்சு காத்திருக்கறது எனக்கு பிடிச்ச வழி, ட்ரிட்டியம் 12 வருஷத்துல தானா பாதியாகும், கோபால்ட் கால்வாசிக்கும் கீழ போயிடும், ஆனா அதுவரைக்கும் இடத்தை முழுசா காலி பண்ண முடியாது, தொட்டி ஒழுகாம பார்த்துக்கணும். எதிர்க்கறவங்க இதுல எதை கேக்கறோம்னு சொல்லணும், "எதுவும் வேண்டாம்"னா அந்த தண்ணி எங்கயும் போகாது.

சட்டம் எங்க நிக்குதுன்னு கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், ஏன்னா உங்க கையெழுத்துக்கு பலம் வர்றதும் போறதும் இங்கதான். அமெரிக்காவுல கதிர்வீச்சு பாதுகாப்பு முழுக்க ஃபெடரல் சமாச்சாரம், என்.ஆர்.சி. கையில. மாநிலமோ ஊரோ "கதிர்வீச்சு இருக்கு, அதனால விடாதே"ன்னு சொன்னா கோர்ட்ல நிக்காது. பக்கத்துல நியூயார்க்ல இதேதான் நடந்துச்சு, இந்தியன் பாயின்ட் உலை தண்ணிய ஹட்சன் ஆத்துல விடக்கூடாதுன்னு 2023 ஆகஸ்ட்ல மாநிலமே சட்டம் போட்டுச்சு, ஹோல்டெக் கேஸ் போட்டாங்க, 2025-ல ஃபெடரல் நீதிபதி அந்த சட்டம் செல்லாதுன்னுட்டார். மாசசூசெட்ஸ் வேற கதவை தட்டுச்சு. கேப் காட் வளைகுடா மாநில சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கடல் சரணாலயம், அதுல தொழிற்சாலை கழிவுநீர் விடக்கூடாது, இது தொழிற்சாலை கழிவுநீர், முடிஞ்சது. கதிர்வீச்சைப் பத்தி அந்த காரணத்துல பேச்சே இல்ல. ஹோல்டெக் 2023 மார்ச்ல, தண்ணி விடறதுக்கான பெர்மிட்டை திருத்தி கொடுங்கன்னு விண்ணப்பிச்சாங்க, மாநில சுற்றுச்சூழல் துறை அந்த ஜூலையில முடியாதுன்னு வரைவு போட்டு பொதுமக்கள் கருத்து கேட்டுச்சு, 2024 ஜூலை 18-ம் தேதி முடிவா மறுத்துடுச்சு. கம்பெனி அடுத்த மாசமே அப்பீல் போனாங்க.

இப்போ புரியுதா, பக்கத்து வீட்டுக்காரர் மனுவுல "கேன்சர் வந்துடும், குழந்தைங்க செத்துடும்"னு எழுதியிருந்தா அது உண்மையாவும் இருக்காது, சட்டத்துலயும் உதவாது. கதிர்வீச்சு என்.ஆர்.சி. பார்த்துக்கும்னு அதை ஓரமா வெச்சிடுவாங்க. நீங்க மனுவை முழுசா படிங்க. கேட்டது சரணாலயம், கடல் தொழில், மாற்று வழி, முழு லேப் ரிப்போர்ட், இதுவா இருந்தா தாராளமா போடுங்க, நானா இருந்தாலும் போடுவேன். மிகைப்படுத்தி எழுதியிருந்தா அவர்கிட்டயே உட்கார்ந்து பேசி அந்த வரியை எடுக்க சொல்லுங்க, கடல் தொழில் பண்றவர், கடல்காரர் பொண்ணு சொன்னா கேட்பார். இல்லேன்னா தனியா ஒரு பக்கம் எழுதி கொடுங்க. அதுல நீங்க எங்க இருக்கீங்க, இந்த கடலை எதுக்கெல்லாம் பயன்படுத்தறீங்க, உங்க அப்பா தொழில் என்ன, சிப்பி பிழைப்பு என்னன்னு உங்களுக்கு எப்படி தெரியும், இதை எழுதுங்க. அப்புறம் நேரா கேளுங்க: ஒவ்வொரு தொட்டித் தண்ணியிலயும் ட்ரிட்டியம் மட்டும் இல்லாம ஒவ்வொரு ஐசோடோப்பும், அதாவது கோபால்ட்-60 மாதிரி ஒவ்வொரு கதிரியக்க வகையும் எவ்வளவு, உலோகமும் எண்ணெயும் மத்த கெமிக்கலும் எவ்வளவு, அளந்தது கம்பெனி லேபா வெளி லேபா, அங்கயே 10-12 வருஷம் வெச்சா என்ன செலவு. மாமூல் மனு ஆயிரம் வந்தாலும் ஒரே மனுவாத்தான் எண்ணுவாங்க, இந்த மாதிரி ஒண்ணுக்கு பதில் எழுத வேண்டி வரும்.

விசா விஷயம். பொதுமக்கள் கருத்துன்னு கேக்கறப்போ எழுதி அனுப்ப குடியுரிமை தேவையில்ல. உலையை பிரிக்கற வேலையை கவனிக்க குடிமக்கள் ஆலோசனைக் குழுன்னு மாநிலமே ஒண்ணு வெச்சிருக்கு, அதோட கூட்டம் எல்லாருக்கும் திறந்தது, போய் உட்காரலாம், பொதுமக்கள் நேரத்துல எழுந்து கேட்கலாம். டவுன் மீட்டிங்ல ஓட்டு போடறது மட்டும் பதிவான வாக்காளருக்குத்தான். இருந்தாலும் இந்த நேரத்துல விசாவுல இருக்கறவங்களுக்கு இருக்கற படபடப்பு எனக்கு தெரியாததில்ல, மறியல் மாதிரி கைதாகற இடத்துக்கு மட்டும் போக வேண்டாம், மனசுல சந்தேகம் இருந்தா உங்க இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, அது என் துறை இல்ல.

இனி நீங்க வாங்கி வெச்சிருக்கற ரெண்டு சாமான். அயோடின் மாத்திரையை எடுத்து பசங்க கைக்கு எட்டாம வெச்சிடுங்க, கொடுக்கவே கொடுக்காதீங்க. அது கதிரியக்க அயோடின்-131 தைராய்டுல ஏறாம தடுக்கறதுக்கு மட்டும்தான், ஓடற உலையில விபத்து ஆனா, அதுவும் அரசாங்கம் சொன்னாத்தான். அயோடின்-131 எட்டு நாளைக்கு ஒருதரம் பாதியாகும், 2019-ல நின்ன உலையில அது மிச்சம் கிடையாது. ட்ரிட்டியத்துக்கோ கோபால்ட்டுக்கோ சீசியத்துக்கோ அந்த மாத்திரை ஒண்ணும் பண்ணாது, சும்மா சாப்பிட்டா பசங்களுக்கு தைராய்டு தொந்தரவுதான் மிச்சம்.

கைகர் கவுண்டரை கடற்கரைக்கு எடுத்துட்டுப் போய் அது கிக் கிக்னா பயப்படாதீங்க, கத்தலைன்னா நிம்மதியும் அடையாதீங்க. ட்ரிட்டியம் விடற பீட்டா துகள் அவ்வளவு சோனி, காத்துல அரை சென்டிமீட்டர் சொச்சம் போகும், நம்ம மேல்தோல்ல செத்துப்போன படலத்தைக்கூட தாண்டாது, அந்த கருவியோட சுவரை எங்க தாண்டறது. தண்ணியில இருக்கறதை அளக்க லேப்ல நாங்க முதல்ல சாம்பிளை காய்ச்சி வடிப்போம், வடிச்ச தண்ணியில சில மில்லி எடுத்து சுண்டுவிரல் உயர பாட்டில்ல ஒளிரும் திரவத்தோட கலக்கி, பால் மாதிரி ஆனதும் மணிக்கணக்குல இருட்டுல வெச்சிடுவோம், அந்த திரவம் ட்யூப் லைட் வெளிச்சத்துலயே மினுங்கி கணக்கை கெடுத்துடும், அதனால. அப்புறம்தான் மெஷின்ல இறக்கி ஒவ்வொரு மினுக்கா எண்ணுவோம். ஆய்ஸ்டர்னா ஓட்டை உடைச்சு சதையை மட்டும் எடுத்து எடை போட்டு அரைச்சு ஒரு கிண்ணத்துல அடைச்சு, ஈயச் செங்கல் சுத்தி அடுக்கின பெட்டிக்குள்ள காமா கதிரை அளக்கற ஜெர்மானியம் டிடெக்டர் மேல வெச்சிட்டு வீட்டுக்கு போயிடுவோம், ராத்திரி முழுக்க எண்ணும். காலையில திரையில, கதிரோட ஆற்றல் கணக்குல 1173, 1332 கிலோ எலக்ட்ரான்வோல்ட்னு ரெண்டு இடத்துல ஜோடியா கூம்பு எழும்பியிருந்தா கோபால்ட்-60, ஒண்ணு மட்டும் வந்தா அது கோபால்ட் இல்ல. 1461-ல ஒரு கூம்பு எப்பவும் நிக்கும், புதுசா வேலைக்கு வர்ற பசங்க அதைப் பார்த்து பதறுவாங்க, அது பொட்டாசியம்-40, எந்த மீன்லயும் எந்த கீரையிலயும் இருக்கறது. இப்படி எடுத்த ரிப்போர்ட்டைத்தான் நீங்க கேட்டு வாங்கணும். மாநில சுகாதாரத் துறை பில்கிரிம் சுத்தி தண்ணி, சிப்பி, மீன் சாம்பிள் எடுக்கறாங்க, அது பொது ஆவணம், கேட்டா கொடுப்பாங்க. தண்ணி ஒரு சொட்டு விடறதுக்கு முன்னாடி இருக்கற அளவு இப்பவே எழுத்துல இருக்கறது முக்கியம், நாளைக்கு விட்டாங்கன்னா ஒப்பிட்டு பார்க்க அதை விட்டா வேற ஒண்ணும் கிடையாது. உங்க பக்கத்து வீட்டுக்காரர் பண்ணை சிப்பியை இப்பவே ஒரு வெளி லேப்ல கொடுத்து ரிப்போர்ட் வாங்கி வெச்சுக்கறது அவருக்கு எந்த மனுவைவிடவும் உதவும்னு சொல்லுங்க.

அண்ணன்கிட்ட சண்டை போடாதீங்க. அவர் சொன்ன நம்பர் சரின்னு ஒத்துக்கங்க, அப்புறம் பம்பு நின்னதையும் வளைகுடாவையும் சொல்லிட்டு, கல்பாக்கத்தை என்னைக்காவது மூடறப்போ அந்த தொட்டித் தண்ணிய என்ன பண்ணுவீங்க, சுத்தி இருக்கற மீனவக் குப்பங்களை கேப்பீங்களான்னு மட்டும் கேட்டு பாருங்க. உலையை ஓட்டறவங்க யோசிச்சு வெச்சிருக்க வேண்டிய கேள்விதான் அது.

அப்பா கோடையில வர்றார்னு எழுதியிருந்தா நல்லா இருந்திருக்கும், நீங்க எழுதல, ஆனா வந்தா பக்கத்து வீட்டு பண்ணைக்கு கூட்டிட்டுப் போங்க, சிப்பி சமைச்சு சாப்பிடுங்க. பச்சையா வேண்டாம், அது கதிர்வீச்சுக்காக இல்ல, சூடான மாசத்துல விப்ரியோன்னு ஒரு கிருமி உண்டு, வயசானவங்களுக்கு அதுதான் இந்த கரையில நிஜமான ரிஸ்க்.